குழுவில் 212 பேர், கூட்டத்தில் 7 பேர்: நேரில் கூடுவது ஏன் குறைந்தது?

மாதக்கூட்டம் | ஞாயிறு, இரவு 9.40

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். நானும் நான்கைந்து நண்பர்களும் 2006 முதல் அங்கே மாதம் ஒரு கூட்டம் நடத்தி வருகிறோம். ஒரு புத்தகமோ ஊருக்கு வேண்டிய ஒரு விஷயமோ எடுத்துக்கொண்டு ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார். பிறகு எல்லாரும் பேசுவோம். இடம் கிளை நூலகத்தின் மாடி.

இன்று பேச வந்தவர் திருச்சியில் இருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். எங்கள் வாட்ஸாப் குழுவில் 212 பேர் இருக்கிறார்கள். அழைப்பைப் போட்டதும் 46 பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். மாடி ஏறி வந்தவர்கள் 7 பேர், அதிலும் மூன்று பேர் நாங்களே. வந்தவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஐம்பது பேர் இருந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசிவிட்டு ஏழு மணி வண்டிக்குக் கிளம்பினார். அவரை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் குழுவில், "வீடியோ எடுத்திருந்தா போடுங்க சார்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்தடுத்துப் பலர் அதையே கேட்டார்கள். நாற்காலிகளை அடுக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆரம்ப வருஷங்களில் நோட்டீஸ் அடித்து டீக்கடை, சலூன், உரக்கடை என்று நாங்களே ஒட்டுவோம். நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், ஒரு தையல்காரர், லோடு இல்லாத நாளில் ஒரு லாரி டிரைவர், பிளஸ் டூ பையன்கள். ஒருமுறை பாரம்பரிய நெல் பற்றிய கூட்டம். உரக்கடைக்காரர் பின்வரிசையில் இருந்து எழுந்து, "இதெல்லாம் விவசாயியைப் பட்டினி போடுற பேச்சு" என்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தோம், போகவில்லை. கூட்டம் முடிந்து அவரும் பேச்சாளரும் கீழே டீ குடித்துக்கொண்டே மறுபடி பேசினார்கள். அடுத்த சம்பாவில் அந்த உரக்கடைக்காரர் கால் ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். விளைச்சல் குறைவுதான், அதையும் வந்து அடுத்த கூட்டத்தில் கணக்கோடு சொன்னார்.

போன வருஷம் அதே விஷயம் குழுவில் வந்தது. நான்கு செய்திக்குள் ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். அவருக்கும் அவரோடு வாதிட்டவருக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. ஒரே தெருக்காரர்கள்.

இணையம்தான் காரணமா, வேறு ஏதாவதா? உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள்.


கரிசல்மண் | ஞாயிறு, இரவு 10.55

படித்துவிட்டு மனசு கனத்துப் போனது ஐயா. ஆனாலும் இணையத்தின் தலையில் மொத்தப் பழியையும் போட முடியாது என்பது என் எண்ணம். கூட்டம் தேய ஆரம்பித்தது கைப்பேசி வருவதற்கு முன்பே.

கோவில்பட்டிப் பக்கம் என் சின்ன வயசில் அரசியல் பொதுக்கூட்டம் என்றால் திருவிழா மாதிரி. ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருக்கும். உள்ளூர்ப் பேச்சாளர்கள் எட்டரை வரை இழுப்பார்கள். வெளியூர்ப் பேச்சாளர் வேறு இரண்டு ஊர்களை முடித்துவிட்டுப் பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வந்து சேருவார். அவர் பேசி முடிக்கும்போது ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். அப்பா என்னைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார். கூட்டத்தில் இருப்பவர்கள் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். எதிர்க்கட்சிக்காரர்தான் அதிகம் எழுதுவார், அதற்கென்றே வருவார். நல்ல பேச்சாளர் அந்தச் சீட்டை ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டுப் பதில் சொல்வார். எதிர்க்கட்சிக்காரர் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பார். மறுநாள் டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் சத்தமாக வாசிக்க, மிச்ச விவாதம் அங்கே நடக்கும்.

இதில் எங்கே உடைந்தது? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அது வேண்டிய சட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கூட்டத்தின் உயிர் இருந்ததே பத்து மணிக்கு மேல்தான். வயலில், தீப்பெட்டி ஆபீஸில், கடையில் வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவனுக்கு அதுதான் ஓய்வு நேரம். அது போனதும், ஆறு மணிக்கே ஆளைக் கூட்டியாக வேண்டும் என்று ஆனது. தானாக வர முடியாத நேரத்துக்கு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வேனில் வந்தவர் கேள்விச் சீட்டு எழுதுவாரா?

அதற்கும் முன்னால் 1993-இல் சன் டிவி வந்தது. பட்டிமன்றம் கோயில் திடலில் இருந்து வீட்டுக்கூடத்துக்குப் போனது. தீபாவளி காலையில் சாலமன் பாப்பையா பட்டிமன்றத்தைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரித்தோம். எனக்கும் பிடிக்கும். ஆனால் திடலில் கேட்டபோது நடுவர் சொன்ன தீர்ப்பை ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டபடி வீட்டுக்கு நடந்து வந்த ஞாபகம் இருக்கிறது. டிவி பட்டிமன்றம் முடிந்ததும் அடுத்து சினிமா போட்டுவிடுவார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்ததற்குப் பிறகு நடந்ததெல்லாம், ஏற்கெனவே சாய்ந்திருந்த சுவர் விழுந்த கதை.


மேலவீதி | திங்கள், காலை 6.20

இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரைத் திலகர் திடலில் பாரதியார் பேசியிருக்கிறார். அதே மணலில் பிறகு சீரணி அரங்கம் இருந்தது, 2003-இல் இடித்துவிட்டார்கள். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் 2022-இல் மாநாட்டு மையம் திறந்தார்கள். நல்ல கட்டடம்தான், ஆனால் வாடகை கொடுத்தால்தான் கதவு திறக்கும். மைதானம் என்றால் வேலியோரம் நின்று பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் போகலாம். அப்படி வழியில் போகிறவன் நின்று கேட்கிற இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. உங்கள் நூலக மாடி எத்தனை நாள் இருக்கும் என்று பாருங்கள் ஐயா. இருக்கும்வரை விடாதீர்கள்.


நாலாம்தெரு | திங்கள், பகல் 2.15

மாதக்கூட்டம் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மேலே எழுதியதை எல்லாம் படித்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கரிசல்மண் அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் அம்மா அந்த நேரம் எங்கே இருந்தார்? ராத்திரி ஒரு மணிக்கு வந்தவர்களுக்குக் கதவு திறந்துவிடத் தூங்காமல் காத்திருந்திருப்பார்.

டீக்கடை பெஞ்ச், சலூன், மன்றம், படிப்பகம், திடல். இதில் பெண் உட்கார இடம் எது? நான் படித்தது பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் படிப்பகத்தை ஐம்பது தடவை கடந்து போயிருப்பேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. யாரும் வராதே என்று சொன்னதில்லை. உள்ளே இருந்து திரும்பிப் பார்த்த பார்வை போதுமாக இருந்தது.

எனக்குக் கிடைத்த முதல் கூட்டம் மகளிர் சுய உதவிக் குழு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம், எங்கள் தெருவுக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. வாரம் ஒரு நாள், மத்தியான வேலை முடிந்து, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருபது பேர் வட்டமாக உட்காருவோம். சேமிப்பு, கடன், தவணை, கையெழுத்து எல்லாம் அரை மணியில் முடியும். பிறகு ஒரு மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருப்போம். அந்தச் சும்மாப் பேச்சில்தான் ஒருத்தி முதுகில் இருந்த காயத்தைக் காட்டினாள். அன்று சாயங்காலமே பத்துப் பேராகச் சேர்ந்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். ஒரு வார்த்தை பேசவில்லை, நின்றோம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கை நீளவில்லை.

இப்போது எங்கள் குழுவுக்கும் வாட்ஸாப் இருக்கிறது. தவணைப் பணம் கைப்பேசியிலேயே போய்விடுகிறது, தீர்மான நோட்டு மட்டும் கையெழுத்துக்காக வீடு வீடாகப் போகிறது. நேரம் மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அந்த மாதிரிக் காயத்தை யாரும் குழுவில் படம் எடுத்துப் போடப் போவதில்லை. போன மாதம் பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி மருந்து குடித்துவிட்டாள், பிழைத்துக்கொண்டாள். அவளும் எங்கள் குழுதான். என்ன கஷ்டம் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு முந்தின நாள்கூட அவள் குழுவில் 'காலை வணக்கம்' படம் போட்டிருந்தாள்.

அதனால் இழப்பு எங்களுக்கும்தான். ஆனால் ஐயா, உங்கள் கூட்டத்தை மறுபடி கூட்டுவதாக இருந்தால் பழைய மாதிரியே கூட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


மாதக்கூட்டம் | திங்கள், இரவு 8.05

நாலாம்தெரு அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் எங்கள் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 2006 முதல் 2010 வரை கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள் நான்கே பேர். இருவர் ஆசிரியைகள், ஒருவர் நூலகர், ஒருவர் என் மனைவி. இவ்வளவு வருஷம் அந்த நோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. நான் இதைப் பார்த்ததே இல்லை.


ஊர்க்கோடி | திங்கள், இரவு 10.30

நாலாம்தெரு அக்கா தொடங்கியதை நான் தொடர்கிறேன்.

எங்கள் ஊர் டீக்கடையில் பத்திரிகை வாசிப்பதை என் அப்பாவும் கேட்டிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து அல்ல, ரோட்டோரம் குத்துக்காலிட்டு. அவருக்குத் தனி டம்ளர், குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். ஊர்க்கூட்டம் நடக்கும், எங்கள் தெருவுக்கு முடிவு மட்டும் வந்து சேரும். அதனால் பழைய கூட்டங்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு உடனே சேர்ந்து உருக வருவதில்லை.

எங்களுக்கென்று இருந்தது எங்கள் தெருவில் அம்பேத்கர் பெயரில் ஒரு இரவுப் பள்ளி. கூரைக் கொட்டகை, ஒரு அரிக்கேன் விளக்கு, பிறகு ஒரு பல்பு. வேலைக்குப் போய் வந்த அண்ணன்மார்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் பெரியவர்கள் வருவார்கள். யாருக்கு எந்த மனு எழுத வேண்டும், யார் தாசில்தார் அலுவலகத்துக்கு யாரோடு போவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். நான் வேலைக்குப் போனதே அந்தக் கொட்டகையால்.

இணையம் எனக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். என் எழுத்தை முதலில் படித்தவர்கள் என்னை நேரில் பார்க்காதவர்கள். ஊர் பேர் கேட்காமல், தெரு கேட்காமல் படித்தார்கள். ஊரில் எனக்கு நாற்காலி கிடைக்க முப்பது வருஷம் ஆகியிருக்கும், இங்கே முதல் நாளே கிடைத்தது. இதை நான் லேசாக விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? எங்கள் ஊரில் ஒவ்வொரு சாதிப் பையன்களுக்கும் ஒரு வாட்ஸாப் குழு. என் அப்பா காலத்தில் மேலத்தெருக்காரரும் அவரும் தினமும் களத்துமேட்டில் முகம் பார்த்தார்கள். அந்த உறவில் நியாயம் இல்லை, ஆனால் முகம் இருந்தது. இன்றைய பையன்கள் அடுத்த தெருப் பையனை நேரில் பேசியே பார்த்ததில்லை, அவனைப் பற்றி வருகிற வீடியோவை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டேட்டஸால் எங்கள் ஊரில் மூன்று பேருக்கு வெட்டு விழுந்தது. பிறகு இரண்டு தெருப் பையன்களையும் பள்ளிக்கூட மைதானத்தில் கபடி ஆட வைத்துத்தான் கொஞ்சம் தணிந்தது. ஏற்பாடு செய்தவர் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், அவர் இரண்டு தெருவும் இல்லை.

இரவுப் பள்ளிக் கொட்டகை இப்போது கான்கிரீட் கட்டடம். பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


இரண்டாமாண்டு | செவ்வாய், காலை 7.10

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இளைஞர்கள் வருவதில்லை என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். நான் போயிருக்கிறேன் ஐயா. போனவள் ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன்.

ஐந்து மணிக் கூட்டம் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொன்றுக்கும் படம். புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தவர் மைக்கைப் பிடித்தபோது ஏழரை. அவருக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. எட்டு மணிக்கு "நேரமின்மை காரணமாகக் கேள்விநேரம் இல்லை" என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள். அந்தப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்துவிட்டு, மூன்று கேள்விகள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். விடுதி மூடும் நேரம் எட்டரை, ஓட்டமாக ஓடினேன்.

அதே பேச்சாளரின் உரையைப் பிறகு ஸ்ருதி டிவி யூடியூபில் முழுசாகக் கேட்டேன். பின்னூட்டத்தில் என் கேள்வியைப் போட்டேன், வேறொரு வாசகர் நான்கு பத்தி பதில் எழுதினார். அவர் துபாயில் இருக்கிறாராம். அப்படியிருக்க நான் எதற்காகப் பேருந்து ஏறி வர வேண்டும்?

இது கோபத்தில் கேட்பதில்லை. வர வேண்டும் என்று ஆசை இருக்கிறது. விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் சிறுகதை வாசிக்கிறோம். யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே ஆரம்பித்தோம். ஒருத்தி வாசிக்கும்போது குரல் உடைந்து நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அடுத்தவள் வாங்கி மிச்சத்தை வாசித்தாள். யூடியூபில் அது நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும்.


கரிசல்மண் | செவ்வாய், காலை 9.00

நாலாம்தெரு தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. அம்மா தூங்காமல்தான் இருந்தார். அம்மாவிடம் பொதுக்கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அப்பா ஒருநாளும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாமாண்டு மகளே, பொன்னாடை விஷயத்தில் உன் பக்கம்தான் நான். ஆனால் ஒன்றில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னூட்டத்தில் பதில் வந்தது என்றாய், சரி. அந்தத் துபாய்க்காரரோடு உனக்குக் கருத்து வேறுபாடு வந்து, பதில் போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. மாதக்கூட்டம் ஐயாவின் உரக்கடைக்காரர் அப்படி விட முடியவில்லை. மாடியில் இருந்து இறங்க ஒரே படிக்கட்டு, கீழே ஒரே டீக்கடை.


மேலூர்ப்பக்கம் | செவ்வாய், இரவு 9.45

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்லவில்லை என்றால் இந்தப் பேச்சு ஒரு பக்கமாகப் போய்விடும்.

2024 நவம்பர் 7-ஆம் தேதி எங்கள் மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. நாயக்கர்பட்டித் தொகுதி என்று பெயர், சுமார் 2,015 ஹெக்டேர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022-இல் அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள் வந்தது. பாண்டியர் குடைவரை, சமணர் படுகை, ஊற்று, கண்மாய், கழுகு எல்லாம் இருக்கிற மலை. செய்தி எங்களுக்கு வந்தது கைப்பேசி வழியாகத்தான். ஏலக் காகிதத்தைப் பையன்கள் இணையத்தில் தேடி எடுத்தார்கள், வரைபடத்தில் எந்த ஊர் எந்த எல்லைக்குள் வருகிறது என்று குறித்து குழுக்களில் போட்டார்கள். அது இல்லை என்றால் எங்களுக்கு இயந்திரம் வந்து நின்றபிறகுதான் தெரிந்திருக்கும். அந்த நன்றியை மறக்கக்கூடாது.

ஆனால் குழுவில் பத்தாயிரம் பேர் கோபப்பட்டாலும் அதற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. கிராம சபைத் தீர்மானத்துக்குப் பெயர் உண்டு. 1994 ஊராட்சிச் சட்டத்தின் கீழ் நடக்கிற சபை, மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000-க்குள் இருந்தால் 100 பேர் நேரில் வந்தாக வேண்டும். மற்ற நாளில் அந்த நூறு எப்படிச் சேரும் என்று எல்லாருக்கும் தெரியும். நூறு நாள் வேலைக்காரர்களை வெயிலில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்புவார்கள். வரவு செலவு வாசிப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். நானே சென்னையில் வேலை பார்த்த வருஷங்களில் ஒன்றுக்கும் போனதில்லை.

அந்த நவம்பர் கிராம சபைக்கு ஊருக்கு வந்திருந்தேன். நூறு என்ன, உட்கார இடமில்லை. மந்தையில் நான் பிறந்ததில் இருந்து பெண்கள் ஓரமாக நின்றுதான் பார்த்திருக்கிறேன். அன்று முன்வரிசையே அவர்கள்தான். தீர்மானத்தை எழுத்தர் வாசிக்க வாசிக்க ஒரு கிழவி, "திரும்ப வாசி, எங்க கண்மாய் பேரு அதுல இருக்கா பாரு" என்றார். இல்லை. சேர்த்து எழுதி மறுபடி வாசித்தார்கள். அதன் பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

பல ஊர்களும் இப்படித் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பக்கத்தில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போனோம். ஜனவரி 23-இல் ஏலத்தை ரத்து செய்தார்கள்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியபோதும் இதைத்தானே பார்த்தோம்? வாட்ஸாப்பில் அழைத்தார்கள், ஆனால் கடற்கரையில் விளக்கை அணைத்தபோது அங்கே இருந்தவர்கள்தான் கைப்பேசி வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தார்கள். அந்த ஒரு வாரம் முன்பின் தெரியாதவர்கள் சோறு பகிர்ந்தார்கள். கைப்பேசி கூட்டத்தைக் கொல்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆபத்து வந்த நாளில் அது கூட்டுகிறது. ஆபத்து இல்லாத நாளில் நாங்கள் கூடவில்லை. அரிட்டாபட்டிக்கு அடுத்து வந்த கிராம சபைக்கு எங்கள் ஊரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். நான் போனேன். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.


வாசிகசாலை | புதன், அதிகாலை 4.30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் படிப்பகத்தை வாசிகசாலை என்போம், சனசமூக நிலையம் என்றும் சொல்வோம். வடமராட்சியில் எங்கள் குறிச்சிக்கு ஒன்று இருந்தது. வாங்கு (பெஞ்ச்) இரண்டு, மேசை ஒன்று, வீரகேசரி, தினகரன், ஈழநாடு. ஒரே பத்திரிகையின் உட்தாளை ஒருவரும் வெளித்தாளை ஒருவருமாகப் பிரித்து வாசிப்பார்கள். பின்னேரம் ஆனால் அரசியல் கதைக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த செய்தியை நான் சின்னப் பெடியனாக அந்த வாங்கில்தான் கேட்டேன். அன்றைக்கு அங்கே ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைப் பொருள். வானொலி கேட்க ஒரே வழி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுப்பது. ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்க வேண்டும். இரவில் பிபிசி தமிழோசை, அதோடு வெரித்தாஸ். சுற்றுகிறவன் களைத்தால் குரல் இழுபடும், அடுத்தவன் ஓடிவந்து பிடிப்பான். பக்கத்து வளவில் எங்கள் வீட்டோடு காணி வழக்குப் போட்டிருந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களிடம் வானொலி, எங்களிடம் டைனமோ உள்ள சைக்கிள். இரண்டு வருஷம் ஒன்றாக இருந்து செய்தி கேட்டோம். வழக்குப் பற்றி இரண்டு பக்கமும் கதைக்கவில்லை, ஆனால் தேத்தண்ணி அவர்கள் வீட்டில் இருந்துதான் வரும்.

இங்கே எல்லாருடைய பொக்கற்றிலும் உலகம் முழுக்க இருக்கிறது. கொரோனா நேரம் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தை ஸூமில் வைத்தோம். ரொறன்ரோ, லண்டன், சிட்னி, ஊர் எல்லாம் ஒரே திரையில். முப்பது வருஷம் காணாத முகங்களைக் கண்டு அழுதோம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எங்களைப் போலச் சிதறிப் போனவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் கூட்டம் முடிந்தது என்று சொன்னதும் ஒவ்வொரு பெட்டியாக அணைந்து போகும். வாசலில் செருப்புத் தேடுகிற நேரம், 'பிறகு, அம்மா எப்படி?' என்று கேட்கிற நேரம், அது இல்லை. மண்டபத்தில் வைக்கிற கூட்டத்தில் நான் முக்கியமான கதை எல்லாம் கதைத்தது கார் நிறுத்துமிடத்தில்தான், பனிக்குள் நின்று.

அந்தக் காணிக்காரரின் மகன் இப்போது மொன்றியலில். எங்கள் குழுவில் இருக்கிறான். நான் இன்னும் அவனுக்குத் தனியாக ஒரு செய்தி போடவில்லை. இதை எழுதி முடித்துவிட்டு அழைக்கப் போகிறேன்.


மாதக்கூட்டம் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

இங்கே பேசியதை எல்லாம் அச்செடுத்து நண்பர்களோடு உட்கார்ந்து வாசித்தோம். இன்று நடந்த கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், குழுவில் அழைப்புப் போட்டதோடு நிறுத்தவில்லை. பழைய மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு இருபது வீட்டுக்குப் போனேன். பதினோரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "ஏன் சார் நேர்ல வந்தீங்க, போன் போட்டிருக்கலாமே" என்று கேட்டவர்கள்தான் இன்று வந்தார்கள்.

பொன்னாடை, முன்னிலை, வாழ்த்துரை எதுவும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வெளியூர்ப் பேச்சாளர் இல்லை. எங்கள் ஊர்ப் பெரிய குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் பற்றிப் பேச்சு. நீர்க்கட்டியாக, அதாவது மதகைத் திறந்து அடைத்துத் தண்ணீர் விடுகிறவராக, வேலை பார்த்த ஒரு பெரியவரைத் தொடங்கச் சொன்னோம். எந்த மதகு எந்த வருஷம் யார் அடைத்தது என்று அவர் வரிசையாகச் சொல்ல, அடைத்தவர்களில் ஒருவரின் மகன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். "எங்க அப்பா அடைச்சது உண்மை, ஏன் அடைச்சார்னு நானும் சொல்லணும்" என்றார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாரும் வாய்க்காலை நடந்து பார்ப்பதாக முடிவு.

வந்தவர்கள் 19 பேர். பெண்கள் ஐந்து பேர், நாலரை மணிக்கே இருவர் எழுந்து போக வேண்டியதாகிவிட்டது.

வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த மகன் பேசியிருக்க மாட்டார்.


ஊர்க்கோடி | ஞாயிறு, இரவு 10.02

பூட்டிய கட்டடத்தைப் போன சனிக்கிழமை திறந்து கூட்டிப் பெருக்கினேன். கரையான் ஒரு அலமாரியைத் தின்றுவிட்டது. பல்பு மாட்டியாயிற்று. இரண்டு தெருப் பையன்களையும் கூப்பிட அந்த உடற்பயிற்சி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அவர் கேரம் போர்டு ஒன்று தருகிறார்.


நாலாம்தெரு | ஞாயிறு, இரவு 10.20

ஐயா, நாலரைக்கு அவர்கள் எழுந்து போனது பால் கறக்கிற நேரம், அப்புறம் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். கூட்டத்தை இரண்டு மணிக்கு வையுங்கள். வாய்க்கால் நடைக்கும் அதே. நான் தஞ்சாவூரில் இருந்து வரலாமா?


மாதக்கூட்டம் | ஞாயிறு, இரவு 10.31

வாருங்கள் அம்மா. இரண்டு மணி. வெயில் கடுமையாக இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். வாய்க்கால்கரையில் முள் அதிகம், செருப்பு நல்லதாகப் போட்டு வாருங்கள்.